கிளட்ச் இல்லாத காரில் போய் நாத்தனாரை அழைத்து வந்தது

எனக்கு எழுபத்து நாலு வயது. ஏழு பெற்று ஐந்தை வளர்த்தேன். செத்துப்போன கொழுந்தனார் மகனையும் சேர்த்தால் ஆறு. ஆறு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நான் போனது ஐம்பது வயதுக்கு மேலே, முதியோர் பள்ளிக்கு, ஒரே ஒரு மழைக்காலம். அதனால் இதில் எங்கேயாவது கொம்பும் காலும் விட்டுப் போயிருந்தால் படிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததில் நான் எதையும் விடவில்லை.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே ஒரு ஏக்கர் நிலம் என் பேரிலும் என் நாத்தனார் அஞ்சலை பேரிலும் இருக்கிறது. அது வந்த விதம் இது. நாங்கள் பண்ணையாட்களாக இருந்தோம். ஒரு வீட்டுக்கு இவ்வளவு நிலம்தான் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணை வீட்டார் நிலத்தை கன்றுக்குட்டி பேரில்கூட எழுதி வைத்தார்கள். ஆட்கள் கொடி நட்டு அறுப்பில் இறங்கினார்கள், அடிதடி ஆனது, ஆண்பிள்ளைகளை எல்லாம் கேசில் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்தச் சமயத்தில் பட்டா கொடுக்கக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட இடத்தில் போய் நின்றது நானும் அஞ்சலையும்தான். தாசில்தார் நின்றவர்கள் பேரை எழுதினார். என் வீட்டுக்காரர் வெளியே வந்து, "என் பேரு எங்க?" என்று கேட்டார். "நீங்க வரிசையில இல்லையே" என்றேன்.

அதற்குப் பிறகு ஆட்சி மாறி மாறி வந்தது. சுவரில் சின்னம் மாறியது. பட்டா மாறவில்லை. இப்போது நிலத்தை ஒட்டி பெரிய ரோடு வந்ததும் பண்ணை வீட்டுப் பேரனுக்கு அந்த நிலம் ஞாபகம் வந்துவிட்டது. தொடர்ந்து சாகுபடி செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டாவிலேயே இருக்கிறதாம். "ஒருத்தி வேதாரண்யத்துல, ஒருத்தி மக வீட்டுல, நிலம் தரிசு" என்று மனு போட்டான். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு தாலுக்கா ஆபீசில் விசாரணை. பேர் உள்ள இரண்டு பேரும் நேரில் வரவேண்டும். வராவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிடுவோம் என்று நோட்டீஸ் வந்தது.

வேதாரண்யத்தில் மகன் வீட்டில் இருக்கிற அஞ்சலைக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷம் ஆகிறது. பஸ் படி ஏற மாட்டாள். அதனால்தான் இந்தப் பயணம்.

என் கடைசி மகள் தமிழரசி சென்னையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் காருக்கு கிளட்ச் கிடையாது. கியரும் அதுவே போட்டுக்கொள்ளுமாம். இடது காலுக்கு வேலையே இல்லை. எங்கள் வீட்டில் இப்படி வேலை இல்லாமல் இருந்த முதல் கால் அதுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அசதியில் தூங்கினாள். நான் தூங்கவில்லை, எனக்கு உளுந்து வேலை இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் புளிச்சோறும் வறுத்த மோர்மிளகாயும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பங்குனி வெயில். வழியெல்லாம் ரோட்டில் உளுந்தும் பயறும் பரப்பிக் கிடந்தது. போகிற வண்டி ஏறி மிதித்தால் காய் உடைந்து பருப்பு உதிரும். களத்தில் மாடு கட்டி அடித்தது போய் பல வருஷம் ஆகிறது. தமிழு ஒவ்வொரு இடத்திலும் வண்டியை ஒதுக்கினாள்.

"ஒதுக்காத. மெதுவா ஏத்து. அவங்களுக்கும் ஒரு உபகாரம்" என்றேன்.

"ரோடு என்ன இவங்க களமா? வண்டிக்கு அடியில சுத்திக்கிட்டா யாரும்மா பதில் சொல்றது?"

நான் மோர்மிளகாய் தின்றேன்.

மன்னார்குடி தாண்டி கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் ஓவென்று கத்தியது. சத்தம் மட்டும்தான் போனது, வண்டி போகவில்லை. பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, மறுபடியும் போனார். ஓரமாக நிறுத்தினோம். அரை மணி கழித்து எடுத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியது. இரண்டு மைல் போனதும் மறுபடியும் கத்தல்.

டீக்கடை எதிரே நின்றோம். நின்ற இடத்தில் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். டிராக்டர் பழுது பார்க்கிற ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"கிளட்ச் பிளேட்டு போச்சுங்க."

"இதுல கிளட்ச்சே இல்லண்ணே" என்றாள் தமிழு.

அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "இல்லாமப் போனதால போயிருக்கும்."

"டிராக்டர் கியர் எண்ணெய் ஒரு லிட்டர் ஊத்துனா சரியாயிடும். எங்கிட்ட இருக்கு" என்றார் இன்னொருவர். தமிழு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. கம்பெனிக்கு போன் போட்டாள். வண்டியைத் தொடாதீர்கள், திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், கியர்பாக்ஸ் மொத்தமும் மாற்றவேண்டியிருக்கும், பத்து நாள் ஆகும் என்று ஒரு பெண் அழகான தமிழில் சொன்னாள்.

"வியாழக்கிழமைக்கு முடியுமான்னு கேளு" என்றேன்.

"அம்மா, பத்து நாளுன்னா பத்து நாள்."

"அப்ப ஆறப்போட்டு ஆறப்போட்டு ஓட்டு. ஆறுனா போகுதுல்ல?"

இரண்டு மைல் ஓடுவதும் அரை மணி நிற்பதுமாகப் போனோம். இப்படிப் போனால் ஊர்களை நன்றாகப் பார்க்கலாம். ஒரு இடத்தில் வாத்து மேய்க்கிறவர்கள், ஒரு இடத்தில் தண்ணீர் வராத வாய்க்காலில் கிரிக்கெட். ஒரு நிறுத்தத்தில் புளிச்சோறு தின்றோம். இன்னொன்றில் பனை நுங்கு. திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு நிறுத்தத்தில் தமிழு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "பழைய வண்டின்னாலும் நல்லா செக் பண்ணித்தாம்மா வாங்குனேன். எவனோ என்னை ஏமாத்திட்டான்" என்றாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அதை எழுதி வைக்கிறேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வேதாரண்யம். எங்கள் ஊரில் நெல்லைக் குவிக்கிற மாதிரி இங்கே உப்பைக் குவித்து கீற்று போட்டு மூடுகிறார்கள். மழை வந்தால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே ஓட்டம்தான். தண்ணீர் மட்டும் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் டீ போட்டு அஞ்சலை கொடுத்தாள். கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை, மருமகள் கையால் கொடுக்க வைத்தாள்.

"வாங்க அண்ணி. கார்ல வர்றீங்கன்னாங்க. நடந்து வந்திருந்தா மத்தியானமே வந்திருப்பீங்களே."

"உனக்கு நாக்குலயும் ஒரு எலும்பு இருந்து முறிஞ்சிருக்கலாம்" என்றேன்.

சாப்பாட்டுக்குத் திருக்கை மீன் குழம்பு. எங்கள் பக்கம் வாய்க்கால் மீன்தான், முள் எடுத்து எடுத்தே சோறு ஆறிவிடும். இதில் முள் இல்லை. நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டேன், அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் அஞ்சலையின் மகன் ஹாஜா பாயை அழைத்து வந்தான். படகு இன்ஜின் பார்க்கிறவர். அதற்கு முன்னால் அரபு தேசத்தில் பதினோரு வருஷம் கார் பட்டறையில் இருந்தவர். "அங்க எல்லா வண்டியும் இதே ஜாதிதாம்மா. கிளட்ச் இருக்கிற வண்டியப் பாத்தாதான் அதிசயம்" என்றார். கையில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணி, ஒரு டார்ச், ஒரு அட்டை. வேறு ஒன்றும் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வந்தவர் வண்டியைத் தொடவில்லை. தமிழுவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், வைத்தியர் மாதிரி.

"இன்ஜின் கத்தி, வண்டி நகராமப் போகுதா? இல்ல குலுக்கிக் குலுக்கிப் போகுதா?"

"கத்துது. குலுக்கல் இல்ல பாய்."

"பின்னால எடுத்தா?"

"அதுவும் அப்படித்தான். ஆறுனா சரியாயிடுது."

"கருகுன வாடை?"

"இல்ல."

அப்புறம்தான் முன்பக்கம் திறந்தார். இன்ஜினை ஓட விட்டு, கியர் கம்பியை அதன் பக்கத்தில் போட்டிருக்கிற ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்திலும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். உள்ளேயிருந்து எண்ணெய் அளவு பார்க்கிற ஒரு நீளக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். கம்பியின் நுனியில் மட்டும் துளி ஈரம். துணியில் குங்குமம் கரைத்த மாதிரி சிவப்பு. மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். கருகல் வாடை இல்லை.

"இந்தக் கியர்பாக்ஸ் எண்ணெயோட அழுத்தத்துலதாம்மா வேலை செய்யுது. எண்ணெய்தான் இதுக்கு கிளட்ச்சு. உள்ள பிளேட்டு எரிஞ்சிருந்தா எண்ணெய் கறுத்துப்போயி நாறும். இது செவப்பாவே இருக்கு. கியர்பாக்ஸ் நல்லாருக்கு. எண்ணெய்தான் இல்ல. சூடானா இருக்கிற கொஞ்சமும் இளகிப்போயி பிடிமானம் கெடைக்கல. மாத்த வேண்டியது கியர்பாக்ஸ் இல்ல. எண்ணெய் எந்த வழியா போச்சுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்."

தமிழு முகத்தில் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

அவர் அட்டையைப் போட்டு அடியில் படுத்தார். டார்ச் அடித்தார். இடது சக்கரத்துக்குப் போகிற தண்டு கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் ஒரே ஈரம். "பாத்தேன்" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. பிளேடு கேட்டார். கொஞ்ச நேரம் அறுத்தார். வெளியே வரும்போது கையில் ஒரு பச்சைச் சுருள், முறுக்கு மாதிரி இறுகிப்போய்.

"படகுல விசிறித் தண்டுல வலை சுத்தும்மா. சுத்தி சுத்தி உள்ள போயி, எண்ணெய் கசியாம இருக்கப் போட்டிருக்கிற சீல் வளையத்த அறுத்துடும். வாரத்துக்கு ரெண்டு பாக்குறேன். கார்ல இப்பதான் பாக்குறேன்."

சுருளைப் பிரித்தார். நைலான் வலை. அதன் கண்ணிகளில் காம்பும் சருகுமாக உளுந்தங்காய் ஏழெட்டு, உடையாமல் சிக்கிக் கிடந்தது.

"சொன்னேன்லம்மா!" என்று தமிழு குதித்தாள். "ரோட்டுல போட்டு வச்சிருந்தானுங்கல்ல, அவனுங்கதான்! எவன்னு தெரிஞ்சா கேஸ் போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று இப்போது எழுதுகிறேன். எங்கள் நிலத்து உளுந்தைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பியிருந்தேன். அன்றைக்கென்று ஒரு வண்டியும் வரவில்லை. வாசலில் இவள் கார் சும்மா நின்றது. பக்கத்து வீட்டு செல்வம் டிராக்டர் ஓட்டுகிறவன். அவனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன். "கிளட்ச் எங்க பெரியம்மா?" என்றான். "இல்லையாம், நீ ஓட்டு" என்றேன். பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்ச்சைத் தேடி பிரேக்கை மிதித்து, இரண்டு தடவை முன்கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டான். பிறகு பழகிவிட்டது. காற்றில் செடி பறக்காமல் இருக்க மேலே பழைய மீன்வலையை விரித்தேன், வண்டி வலைமேலேயே ஓடட்டும் என்று. முன்னும் பின்னுமாக இருபத்து இரண்டு தடவை. உளுந்து நன்றாக உதிர்ந்தது. சுருட்டும்போது வலையில் ஒரு மூலை காணவில்லை. ஆடு தின்றிருக்கும் என்று இருந்துவிட்டேன். ஆடு வலை தின்னாது என்பது எனக்குத் தெரியும்.

அந்த வலை கொல்லை வேலிக்கென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அஞ்சலை கொடுத்தனுப்பியது. ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், சுருளைப் பார்த்தாள்.

"பச்சை வலை" என்றாள். "நல்ல வலை. அண்ணி, நாளைக்கு முன் சீட்டு எனக்குத்தானே?"

"உனக்குத்தான்" என்றேன்.

ஹாஜா பாய் சுருளைத் தூக்கிப் போடப் போனார். நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் என்னையும் முந்தானையையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சீல் நம்பரை எழுதப் போய்விட்டார். பெரிய மனுஷன்.

சீல் வேதாரண்யத்தில் இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் சொல்லி, கண்டக்டர் கையில் கொடுத்து பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். ரப்பர் வளையம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்காக இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். பக்கத்தில் ஒருவர், "எங்க ஊருக்குப் பொண்ணு பாக்க வர்றவங்கள்லாம் தண்ணியக் குடிச்சதும் எழுந்திரிச்சுப் போயிடுறாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு சீல் வந்தது. ஹாஜா பாய் தண்டை உருவி, பழைய சீல் வளையத்தை நோண்டி எடுத்து, புதியதை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி உட்கார வைத்தார். சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றுவதும் கம்பியை உருவிப் பார்ப்பதுமாக இருந்தார். கூடினாலும் கெடுதல்தானாம். பிறகு அஞ்சலை மகனை ஏற்றிக்கொண்டு உப்பளம் வரை போய் வந்தார். வண்டி கத்தவில்லை. டிராக்டர் எண்ணெய் கதையைச் சொன்னதும், "ஊத்தியிருந்தா திருச்சிக்காரங்க சொன்னதுதாம்மா நடந்திருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முன் சீட்டைச் சாய்த்து அஞ்சலை படுத்துக்கொண்டாள். நான் பின்னால். வழியில் ஒரு கடையில் இட்லி. எங்கேயும் நிற்கவேண்டிய அவசியம் இல்லாததால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. ரோட்டில் உளுந்து பரப்பின ஒவ்வொரு இடத்திலும் தமிழு ஹாரனை அழுத்தித் திட்டினாள். ஒவ்வொரு திட்டுக்கும் அஞ்சலை, "நல்லாச் சொல்லுடி என் அண்ணன் மகளே" என்றாள்.

பத்தரைக்கு தாலுக்கா ஆபீஸ். விசாரணை பண்ணுகிற அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். பண்ணை வீட்டுப் பேரனும் அவன் வக்கீலும் முன்னமே உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையைத் தமிழு தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பசலி வருஷத்துக்கு, கிராமத்து அடங்கல் கணக்குல தரிசுன்னு போட்டிருக்கே" என்றார் அதிகாரியம்மா.

"எழுதுனவரு வந்து பாக்கலைங்க. நாங்க உளுந்து போட்டு எடுத்தோம்" என்றேன்.

வக்கீல் சிரித்தார். "இந்த அம்மா இப்ப கார்ல வந்து எறங்குறாங்க மேடம். உளுந்து மூட்டைய எந்தக் கடையிலயும் வாங்கி வீட்டுல அடுக்கலாம். அறுத்தாங்கன்னா எங்க அடிச்சாங்க, எந்த டிராக்டர்ல அடிச்சாங்க, ஓட்டுனவரு யாரு? ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

செல்வம் அறுப்பு மிஷினோடு குத்தாலம் பக்கம் போயிருந்தான்.

"சொல்லுங்கம்மா. எதுல அடிச்சீங்க?" என்றார் அதிகாரியம்மா.

நான் மூன்று தேர்தலில் மேடை பக்கத்தில் நின்று கோஷம் போட்டவள். போலீஸ் வேனில் ஏறும்போதும் வாய் மூடியதில்லை. அங்கே எனக்கு வாய் வரவில்லை. நிலத்தைப் பார்ப்பதா, மகள் முகத்தைப் பார்ப்பதா? அஞ்சலை, "அண்ணி, இடுப்பு வலிக்குது, சீக்கிரம்" என்றாள்.

முந்தானையை அவிழ்த்துச் சுருளை மேசைமேல் வைத்தேன்.

"கார்லங்க. என் மக கார்ல. அவ தூங்குறப்ப."

அதிகாரியம்மா பேனாவால் சுருளைப் புரட்டினார்.

"தோலும் காம்புமா உளுந்து எந்தக் கடையில விக்கிறாங்கன்னு வக்கீல் ஐயாவக் கேளுங்கம்மா" என்றாள் அஞ்சலை. "வலை என்னுது. அதுக்கும் நான் சாட்சி."

"இது உங்க வண்டியிலேர்ந்து எடுத்ததா?" என்று அதிகாரியம்மா தமிழுவைக் கேட்டார்.

தமிழு என்னைப் பார்த்தாள். சின்னப்பிள்ளையில் அவளுடைய சிலேட்டை விற்று நான் விதை வாங்கினேன். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"ஆமா மேடம். கியர்பாக்ஸ் பக்கத்துலேர்ந்து, என் கண்ணு முன்னாடிதான் எடுத்தாங்க. ரோட்டுல எவனோ போட்டதுன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"எவனோ இல்லைன்னு தெரியுது மேடம்."

வக்கீல் எழுந்து, அது யார் வீட்டு உளுந்தாகவும் இருக்கலாம் என்றார். அதிகாரியம்மா, "பொய் சொல்ல வர்றவங்க மக வண்டியக் கெடுத்துட்டேன்னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். 'வாகனம் கொண்டு உளுந்துத் தாள் மிதித்து' என்று என் வாக்குமூலத்தில் இருக்கிறது. நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு மையை எடுத்து வைத்திருந்தார்கள். அதை அந்தப் பக்கம் தள்ளினேன். அஞ்சலையும் தள்ளினாள். அவளுக்குக் கையெழுத்து வராது. இருந்தாலும் தள்ளிவிட்டு, பிறகு திருப்பி இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அதிகாரியம்மாவே நிலத்துக்கு வந்தார். எங்கள் ஊரில் அதற்குள் ஒரு கோடைமழை பெய்திருந்தது. பிடுங்கும்போது உதிர்ந்த உளுந்தெல்லாம் நிலம் முழுக்க இரண்டிலை விட்டு முளைத்துக் கிடந்தது. அடங்கலில் தரிசு என்று எழுதிய கிராம அதிகாரி அதன் நடுவில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தபால் வந்தது. பட்டா அப்படியே இருக்கிறது. மனு தள்ளுபடி.

வியாழக்கிழமை ஆபீசிலிருந்து வீடு வரைக்கும் தமிழு ஹாரனை அழுத்தவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தனை தடவைம்மா ஓட்டுனான்?"

"ஆறு தடவை இருக்கும்" என்றேன்.

முன் சீட்டில் அஞ்சலைக்கு இருமல் வந்தது.

"ஆறுக்கா இவ்வளவு?" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சாவி அவள் இடுப்பிலேயே இருக்கிறது. தூங்கும்போதும்.

எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. என் எழுத்தை எனக்கே திருப்பிப் படிக்க வராது. தமிழு லீவுக்கு வந்திருக்கிறாள், கூட அவள் மகள் யாழினியும். யாழினி, இங்கே வா. முதலிலிருந்து படி. சத்தமாகவே படி. உங்கம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். செல்வம் ஓட்டின நிஜக் கணக்கு வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, இன்னொரு தடவை படி.